ஊருணிக் கல்லில் என் பேர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுது என்றால் கேட்பதில்லை, புத்தகத்தில் இருக்கிற மாதிரி நிமிர்த்தித்தான் எழுதுவாளாம். யாராவது பேசினதைச் சொல்லும்போது மட்டும் அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். அவளைக் குறை சொல்லும் இடங்களில் பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது. ஆகையால் அவளைப் பற்றி இதில் வருவதெல்லாம் மை மிச்சமிருந்தபோது சொன்னது.

வயதானவர்களிடம் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று இருக்கிறது. செத்துப்போ என்பது இல்லை, அதற்கு நாமும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிடலாம். "உக்காருங்க" என்பதுதான் அது. குடத்தைத் தொட்டால் உக்காருங்க. விளக்குமாற்றை எடுத்தால் உக்காருங்க. முட்டியில் நீர் கோத்துக்கொண்டது என்று டாக்டர் ஒரு தரம் சொன்னதுதான் தாமதம், என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து டிவியைப் போட்டுவிட்டார்கள். அதில் வருகிற மாமியார்கள் எல்லாரும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வேலையே இல்லாமல் அடுத்தவளைக் கெடுக்கத் திட்டம் போடுகிறார்கள். மூன்று மாதம் பார்த்தபிறகு அவர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அவர்களையும் யாரோ உக்காருங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் சிக்கலுக்கும் கடலாடிக்கும் நடுவில். கடல் எங்கேயோ இருக்கிறது, உப்பு மட்டும் எங்கள் கிணறுகளில் குடியிருக்கிறது. எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க விளங்காத தண்ணீர்தான். அதனால் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு உயிர் ஊருணிதான். மழைத்தண்ணீர் வந்து நிற்கிற குளம், குடிக்க மட்டும். அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, ஆடுமாடு இறங்கக் கூடாது, கரையில் செருப்போடு ஏறக் கூடாது. எங்கள் ஊருணியில் இந்தக் கட்டுப்பாடு எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஏனென்றால் தண்ணீரே இல்லை. சீமைக் கருவேலம் அடைத்து, மண் மேவி, பல வருசமாகக் காடாகக் கிடந்தது.

பொம்பளைகள் ஆளுக்கொரு இரும்பு வண்டி வைத்திருந்தார்கள். ஆறு குடம் நிற்கிற தள்ளுவண்டி. அதைத் தள்ளிக்கொண்டு அடுத்த ஊர் ஊருணிக்குப் போய், அந்த ஊர்க்காரிகளின் முறைப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் தள்ளிய வண்டியை இப்போது மருமகள் தள்ளுகிறாள். மண்டபத்துப் பெண். கடலையும் பாலத்தையும் பார்த்து வளர்ந்தவள், ஆறு குடத்தையும் கட்டாந்தரையையும் பார்க்க இங்கே வந்து சேர்ந்தாள். தள்ளிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் சாய்வாள். வலிக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை. நான் "ஒக்காருத்தா" என்று சொன்னால் மட்டும் அவளுக்குக் கோபம் வராது. அது என்ன நியாயமோ.

இந்த நிலையில்தான் டவுனிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் சமுதாயக்கூடத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முட்டிக்குத் தைலம் கொடுப்பார்கள் என்று போனோம். அவர்கள் தைலம் கொண்டுவரவில்லை, எங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் அனுபவம் நாட்டுக்குத் தேவைப்படுகிறதாம். எனக்கு ஒரே ஆச்சரியம். என் அனுபவத்தை மருமகளிடம் ரசத்துக்குக்கூட விற்க முடியவில்லை, நாட்டுக்கு அவசரமாக வேண்டுமாம்.

பேச்சு முடிந்து ஆளுக்கொரு பச்சைத் தொப்பியும், கழுத்தில் மாட்டுகிற அட்டையும், ஒரு பொட்டலம் மிக்சரும் கொடுத்தார்கள். தொப்பி என் கொண்டையில் நிற்கவில்லை. என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, ஒரு கண்ணில் புரை எடுத்தவள், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் என்னைப் போலத்தான், பள்ளிக்கூடத்து நிழலில் ஆடு மேய்த்ததோடு சரி.

"மதினி, இதுல என்ன எழுதிருக்கு?"

"காணாமப் போனா கொண்டாந்து வீட்டுல விடச் சொல்லி எழுதிருக்கும்."

"எந்த வீட்டுலன்னு எழுதிருக்கா?"

"அதத்தான் எந்த வீட்டுலயும் ஒத்துக்கிற மாட்டாகளே."

இப்படித்தான் நாங்கள் தன்னார்வலர்கள் ஆனோம்.

குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்றார்கள். யாரும் யோசிக்கும் முன் தலைமை ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் சின்னப் பிள்ளையிலேயே வெளியூருக்குப் படிக்கப் போய், முப்பது வருசம் அங்கங்கே வேலை பார்த்து, ஓய்வு பெற்றுத் திரும்பியவர். ஊருணிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக மிளகாய்க் கொல்லை வாங்கிப் போட்டிருக்கிறார். வீட்டம்மா பேரப்பிள்ளையைப் பார்க்கச் சென்னைக்குப் போனது போனதுதான். அதட்டுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் மிளகாய்ச் செடிகளை அதட்டிக்கொண்டிருந்த மனிதர். அவருக்குத் துணை ஏட்டய்யா. போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பையும் விசிலும் மட்டும் இன்னும் பணியில் இருந்தன.

முதல் கூட்டம். தலைமை ஆசிரியர் நீளமான நோட்டு ஒன்றைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாத்தனார் பேர் வந்ததும் அவள், "இங்கனதான இருக்கேன், கண்ணு தெரியலையா?" என்றாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது. 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும்."

"உள்ள எங்க இருக்கேன்? வெளிய மரத்தடியிலல்ல இருக்கேன்."

அடுத்து என் பேர். நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுபது வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். வராதவளுக்கு நாத்தனார் குரலை மாற்றிச் சொல்வதும், தலைமை ஆசிரியர் கண்டுபிடிப்பதும், ஏட்டய்யா விசில் ஊதுவதும் நடந்தது. குழுவில் மொத்தம் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் உழைக்கிற சாதி, இரண்டு பேர் மேற்பார்வை.

என்ன சேவை செய்வது என்று மூன்று கூட்டம் பேசினார்கள். மரம் நடலாம் என்றார் ஒருவர். தண்ணி யாரு ஊத்துறது என்று கேட்டோம். யோகாசனம் சொல்லிக்கொடுக்கலாம் என்றார் ஏட்டய்யா. குனிந்து தன் செருப்பைப் பார்க்க முடியாத மனிதர். கடைசியில் ஆட்டுக்காரப் பெரியவர்தான் வாயைத் திறந்தார். அவர் ஆயுசு பூராவும் ஆடு மேய்த்தவர். வருசத்துக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அந்த வருசத்துக்கான நாலையும் அன்றைக்கு ஒன்றாகச் செலவு செய்தார். "ஊருணிய வெட்டலாம்ல, மழைக்கு முந்தி" என்றார்.

அவ்வளவுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஊருணியைச் சுத்தம் பண்ணி, அந்த மழையை உள்ளே பிடித்துவிட்டால், அடுத்த கோடை வரை ஊரில் யாரும் வண்டி தள்ள வேண்டாம். நான் மருமகளின் இடுப்பை நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் என்கிற மரியாதை என்ன ஆவது.

இரண்டு மாதம் வேலை நடந்தது. காசு கொடுத்துக் கூப்பிட்டபோது இடுப்புப் பிடிப்பு என்று சொன்னவர்கள் எல்லாம் சும்மா வேலைக்கு விடியற்காலையில் அரிவாளோடு நின்றார்கள். நானும்தான். கருவேல முள்ளைப் பற்றித் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும், ஊருணிக் கரையில் செருப்பும் கிடையாது. நாங்கள் வெட்டினோம், இழுத்தோம், குவித்தோம். ஏட்டய்யா கரையில் நின்று விசில் ஊதினார். ஒரு ஊதலுக்கு வெட்ட வேண்டும், இரண்டு ஊதலுக்கு இளைப்பாற வேண்டும் என்று அவரே வைத்துக்கொண்ட சட்டம். நாத்தனார் எந்த ஊதலுக்கும் இளைப்பாறினாள். வேரைப் பிடுங்கி மண்ணை அள்ள மட்டும் சங்கத்துக்காரர்கள் இரண்டு நாள் ஜேசிபி அனுப்பினார்கள்.

அந்த இரண்டு மாதத்தில் முட்டி வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஒரு நாள் மருமகள், "உக்காருங்க அயித்த, கால் வீங்கிருக்கு" என்றாள்.

"நான் உக்காந்தா ஊருணிய யாரு பாக்குறது?"

"நீங்க பொறக்குறதுக்கு முந்தியும் ஊருணி இருந்துச்சு."

"இருந்து என்ன செஞ்சுச்சு? இப்பத்தானே எனக்கு நேரம் கெடச்சிருக்கு."

திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணி, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று ஆரம்பித்தான். "ஏலே, நான் கூட்டத்துல இருக்கேன், பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். அவன் இத்தனை வருசம் என்னிடம் சொன்னதுதான் அது. திருப்பிச் சொல்லும்போது வாய் இனித்தது.

கரையெல்லாம் துப்புரவாகி ஊருணி கிண்ணம் மாதிரி தெரிந்தபோது, தலைமை ஆசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். மேற்குப் பக்கம், ரோட்டைப் பார்த்த இடத்தில், கரையில் ஒரு வண்டி அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதைப் பார்த்து நின்றார்.

"ஏட்டு, இங்க கரை ஒடஞ்சு கெடக்கு பாத்தீரா?"

"ஆமா சார். அபாயகரமான ஒடைப்பு" என்றார் ஏட்டய்யா.

அது உடைப்பு இல்லை. அதுதான் ஊருணியின் வாய். மேற்கே இருக்கிற காட்டிலும் மேட்டிலும் பெய்கிற மழை எல்லாம் வரத்துக்கால் வழியாக வந்து அந்த இடைவெளியில்தான் உள்ளே விழும். வரத்துக்கால் என்றால் தண்ணீர் வருகிற ஓடை. அது மண் மேவிப் பள்ளம் தெரியாமல் ஒற்றையடிப் பாதை மாதிரி கிடந்தது. நான் கல்யாணமாகி வந்த வருசம் அந்த வாயில் தண்ணீர் விழுகிற சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதே நேரத்தில் தலைமை ஆசிரியரும் வாயைத் திறந்தார். இந்த உடைப்பை அடைத்து, அதே இடத்தில் ஒரு மேடை கட்டி, அதன்மேல் கல்வெட்டு நட வேண்டும் என்றார். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும், போட்டோவுக்கும் பொருத்தம் என்றார். உழைத்தவர்கள் பேரெல்லாம் கல்லில் வரும் என்றார். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று கணக்குப் பார்த்திருக்கிறாராம், ஒரு நாள்கூட விடாமல் வந்தது நான் மட்டும்தானாம். தலைவர், துணைத்தலைவருக்கு அடுத்து முதல் பேர் என்னுடையது என்றார்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். பேர் விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் பித்தளைப் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள். நான் சீதனமாகக் கொண்டுவந்த அண்டாவில் எங்கள் அய்யா பேர். இந்த வீட்டுத் தவலையில் மாமனார் பேர். மொய்யில் வந்த செம்பில் எவனோ ஒருவன் பேர், அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஐம்பது வருசமாகப் புளி போட்டுத் துலக்கியது நான். என் பேர் ஒரு கரண்டியில்கூடக் கிடையாது. இப்போது கல்லில், அதுவும் பஸ்ஸிலிருந்து தெரிகிற மாதிரி. கொஞ்சம் மண் மேவிய பள்ளம்தானே, தண்ணீருக்கு வேறு வழி தெரியாமலா போய்விடும் என்று மனதுக்குச் சொன்னேன். தண்ணீர் மருமகளை மாதிரி, சொல்லாமலே சுற்றிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.

கொத்தனார் வந்தார். செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஊருணியின் வாயை அழகாக அடைத்தார். கடலாடியில் செதுக்கிய கருங்கல் வண்டியில் வந்தது. திறப்பு விழாவுக்குச் சங்கத்துக்காரர்கள், ரிப்பன், கத்தரிக்கோல், மறுபடி மிக்சர். பன்னிரண்டு பேரும் பச்சைத் தொப்பியோடு கல்லைச் சுற்றி நின்றோம். கண்ணாடி அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்கதாம்மா இந்த ஊரோட நீராதாரம்" என்றார். என் முட்டியில் கோத்த நீரைச் சொல்கிறாரோ என்று பார்த்தேன்.

எல்லாரும் போனபிறகு மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். எது என் பேர் என்று கேட்டேன். அவள் என் விரலைப் பிடித்து மூன்றாவது வரியில் வைத்தாள். ஐந்து எழுத்து. முதல் எழுத்து கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைசி எழுத்துக்குத் தலையில் புள்ளி. தடவித் தடவிப் பார்த்தேன். மருமகள் கல்லைப் பார்க்கவில்லை. மேடையின் பின்பக்கம் போய் மேற்கே பார்த்தாள், பிறகு ஊருணியைப் பார்த்தாள்.

"அயித்த, அப்ப தண்ணி எங்கிட்டு வரும்?"

மண்டபத்துக்காரி. எங்கள் ஊருணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரே பார்வையில் பட்டுவிட்டது.

"வாத்தியாரு படிச்சவுக. அவுகளுக்குத் தெரியாததா" என்றேன்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். காலிக் குடங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு போகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மிக்சர் அதிகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் போய் என் பேரைத் தொட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பேன். ஊரே மழை வராதா என்று பார்த்தது. நான் ஒருத்திதான் கொஞ்சம் தாமதமாக வரட்டுமே என்று பார்த்தேன்.

வந்துவிட்டது. ஐப்பசி பாதியில், விடிந்து வாசல் தெளிக்கும் நேரத்தில், மேற்கே இருட்டிக்கொண்டு வந்து ஊற்று ஊற்று என்று ஊற்றியது. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஊருணிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மருமகள் எழுதினது, நொண்டினேன். அங்கே எனக்கு முன்னால் நாத்தனார் நிற்கிறாள். ஆட்டுக்காரப் பெரியவர் நிற்கிறார். பத்துப் பேரும் மழையில் நனைந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள்.

தண்ணீர் பழைய வழியை மறக்கவில்லை. செக்கச்செவேலென்று சுருண்டுகொண்டு வந்தது, நேராக மேடையில் முட்டியது, நுரைத்தது, கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ரோட்டோரமாகத் திரும்பி ஓடியது. ஊருணிக்குள் மழை விழுந்த ஈரம் தவிர வேறில்லை.

"மதினி, இது தண்ணி வார வாயின்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் நாத்தனார்.

"ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"எனக்குத் தெரியாம? இதுலதான நான் சின்னப் பிள்ளையில மீன் புடிச்சேன்."

"பெறகு ஏன்டி சொல்லல?"

அவள் புரை எடுத்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏழாவது வரியில எம் பேரு இருக்குன்னாக."

ஆட்டுக்காரப் பெரியவரைப் பார்த்தேன். அவர் ஆடு இந்த ஓடையில் தண்ணீர் குடித்துத்தான் வளர்ந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒன்பதாவது" என்றார். பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கிறது. பத்துப் பேர் பேரும் கல்லில் இருக்கிறது. தெரியாமல் அடைத்தது இரண்டு பேர்தான், தெரிந்து அடைத்தது நாங்கள் பத்துப் பேர். கையெழுத்துப் போடத் தெரியாத கூட்டம், கல்லெழுத்துக்கு விலைபோய்விட்டோம்.

ஏட்டய்யா குடையோடு வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு ஒரு தரம் விசில் ஊதினார். தண்ணீர் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் தலைமை ஆசிரியர்.

"சாரு, இது ஒடைப்பு இல்ல. தண்ணி வார வழி. அன்னைக்கே சொல்லிருக்கணும், நான் சொல்லல" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தலைவர் அல்லவா. "பதட்டப்படக் கூடாது. சாயங்காலம் அவசரக் கூட்டம் போடுவோம். சங்கத்துக்கு எழுத்து மூலமாத் தெரிவிக்கணும். அவுக வந்து திறந்த கல்லு, நாம பாட்டுக்குக் கை வைக்க முடியாது."

"சாயங்காலம் வரைக்கும் தண்ணி இங்கன உக்காந்திருக்குமா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

அப்போது நாத்தனார் ரோட்டுப் பக்கம் கையை நீட்டினாள். "சாரு, அங்கன பாருங்க. தண்ணி ஒங்க மொளகாக் கொல்லைக்குல்ல போகுது."

அவர் திரும்பிப் பார்த்தார். நட்டு இருபது நாள் ஆன முண்டு மிளகாய் நாற்று, தண்ணீர் ஒரு நாள் நின்றாலே அழுகிவிடும். வரப்பை உடைத்துக்கொண்டு செவ்வெள்ளம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப்பிறகு எழுத்து மூலமும் இல்லை, முறையும் இல்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, "ஏட்டு, கடப்பாறைய எடும்யா" என்று அவர் போட்ட சத்தத்தில் குழு ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக ஏட்டய்யா ஒரு பொருளைத் தூக்கினார்.

ஆனால் கடப்பாறை வந்தபிறகு யாரும் அதை வாங்கவில்லை. பேர் வெட்டிய கல். இடிக்கிற கை யாருடையது என்பது பெரிய விஷயம். ஒன்பதாவது வரிக்காரர் ஏழாவது வரிக்காரியைப் பார்த்தார். ஏழாவது வரிக்காரி என்னைப் பார்த்தாள். மூன்றாவது வரி நான்.

ரோட்டில் மருமகள் வண்டியோடு வந்து நின்றிருந்தாள். மழையிலும் தண்ணீருக்குக் கிளம்பிவிட்டாள், வீட்டில் குடிக்கக் குடத்தில் அடிமண்டிதான் கிடந்தது. நனைந்துபோய் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ஏட்டய்யாவின் விசிலே தேவலை.

நான் கல்லுக்கிட்டே போனேன். கோழி மாதிரி உட்கார்ந்திருந்த எழுத்தை ஒரு தரம் தடவினேன். பிறகு கடப்பாறையை வாங்கி மேடையின் மூலையில் ஒரு குத்துப் போட்டேன்.

"அயித்த, உக்காருங்க, நான் போடுறேன்" என்று மருமகள் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அங்கிட்டுப் போத்தா. அடச்சதுல எனக்குப் பங்கு இருக்கு."

எழுபது வயதுக்காரி குத்தினால் சிமெண்டு எவ்வளவு உடையும். மூன்று குத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. ஆனால் முதல் ஆள் கை வைத்துவிட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆட்டுக்காரப் பெரியவர் வாங்கினார், அவரிடமிருந்து தலைமை ஆசிரியர் பிடுங்கினார். மிளகாய்க் கொல்லை வைத்திருப்பவர் போடுகிற குத்தே தனி. கொத்தனார் சிமெண்டில் கொஞ்சம் கைவைத்திருப்பார் போலிருக்கிறது, மகராசன் நல்லா இருக்கட்டும், சீக்கிரம் விட்டுக்கொடுத்தது. கல்லைப் பத்துப் பேர் சேர்ந்து பக்கவாட்டில் சாய்த்தோம். ஏட்டய்யா தன்னை மறந்து, விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே கீழ்ப்பக்கத்தைத் தாங்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் அது தானாக ஊதியது.

செங்கல் சரிந்ததும் தண்ணீர் எங்கள் காலைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நான் புதுப்பெண்ணாகக் கேட்ட அதே சத்தம். நாத்தனார், "சாரு, இன்னைக்கு ஆஜர் எடுக்கலையா?" என்று கேட்டாள். அவர் சேற்றுக் கையோடு சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல்செட்டு நன்றாக இருந்தது.

கார்த்திகைக்குள் ஊருணி நிறைந்துவிட்டது. இப்போது கரையில் முறை வைத்து இரண்டிரண்டு பேராகக் காவல் இருக்கிறோம். செருப்போடு ஏறுகிறவனை ஏட்டய்யா விசில் ஊதி இறக்குகிறார். அதற்குத்தான் அந்த விசில் படைக்கப்பட்டிருக்கிறது. எனக்குத் திங்களும் வியாழனும் நாத்தனாரோடு முறை.

கல்லை என்ன செய்வது என்று மட்டும் பெரிய கூட்டம் நடந்தது. ஊருணியின் வாயைத் திறந்ததில் கரைப்பாதை இரண்டாகிவிட்டது, பொம்பளைகள் குடத்தோடு தாண்ட முடியவில்லை. கல் நீளம் சரியாக இருந்தது, குறுக்கே பாலமாகப் போட்டுவிடலாம். ஆனால் பேர் மேலே இருந்தால் ஊர்க்காரர்கள் எல்லாரும் எங்களை மிதிப்பார்கள். பேர் கீழே இருந்தால் யாரும் படிக்க முடியாது. தலைமை ஆசிரியர் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொன்னார். ஏட்டய்யா பேரை மிதிப்பது சட்டப்படி குற்றம் என்றார்.

"கீழ போடுங்க. மேல இருந்தா மட்டும் நான் என்ன படிக்கவா போறேன்" என்றேன்.

அப்படியே போட்டார்கள். இப்போது தண்ணீர் எங்கள் பேரைப் பார்த்துக்கொண்டு ஊருணிக்குள் போகிறது.

மருமகள் காலையில் வண்டியோடு வருவாள். அடுத்த ஊருக்கு இல்லை, நம் ஊருணிக்கு, வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். வண்டிச் சக்கரம் அந்தக் கல்மேல் ஏறி இறங்கும்போது, கல் லேசாக ஆடி, 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். கரையில் உட்கார்ந்திருக்கிற நானும் நாத்தனாரும் அதைக் கேட்டதும் ஒன்றாகச் சொல்வோம்.

"உள்ளேன் ஐயா."